அட்டைக்கும் மருந்துக்கும் நடுவில் எத்தனை நாள்?

“அட்டை கட்டிப் பார்த்தேன் தம்பி. ஒண்ணும் வேலைக்கு ஆவல.”

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்டிருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதே திருவாலங்காட்டில்தான். அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குக் கரும்பும் புதிதில்லை, ஒட்டுண்ணி அட்டையும் புதிதில்லை. அட்டை ஏன் வேலை செய்யவில்லை என்று பேசிக்கொண்டிருந்தபோது, முன்னாடி பின்னாடி ஏதாவது மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன்.

“பக்கத்துக் கழனியில தக்காளிக்கு அடிச்சாங்க. மீந்த மருந்து இருந்தது, நானும் ஓரத்து நாலு சால்ல விட்டேன். ஆனா அது நல்லது பண்ற பூச்சியை ஒண்ணும் பண்ணாதுன்னுதானே சொன்னாங்க?”

இந்த ‘ஒண்ணும் பண்ணாது’ என்கிற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மருந்துக் கடையில் மட்டும் புழங்கும் சொல் இல்லை இது. கையேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்களிலும் ‘பாதுகாப்பானது’, ‘தீங்கற்றது’ என்று கொஞ்சம் உடுத்திக்கொண்டு வரும். அந்தச் சொல் எங்கே பிறக்கிறது, கழனிக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால், குறை மருந்தில் மட்டும் இல்லை, நாம் பரிந்துரை எழுதும் முறையிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதலில் அட்டை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம், உடம்பே அரை மில்லிமீட்டர்தான். ஆலம்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டியாகப் பூச்சி ஓடுமே, அதுவும் குளவிதான். ஆலங்காடு என்று ஊருக்குப் பேர் வரும் அளவுக்கு ஆலமரம் விதை வைத்துப் பெருகியது அந்தக் குளவியின் தயவில். டிரைக்கோகிரம்மா அதற்குத் தூரத்து உறவு. இது மற்ற பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே இருக்கும் சரக்கைத் தின்று குளவிக் குஞ்சு வளரும். எட்டுப் பத்து நாளில் புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும்.

இதை ஆய்வகத்தில் வளர்க்கக் கம்பு மாவில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை எடுத்து, புற ஊதா ஒளி காட்டிப் பொரியாமல் செய்து, அட்டையில் பசை தடவி ஒட்டி, குளவியிடம் விடுவார்கள். குளவி முட்டை வைத்த மூன்று நான்கு நாளில் அட்டை கறுத்துவிடும். ஒரு சிசி முட்டை என்றால் 18,000 முதல் 20,000 வரை. அந்த அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கரும்புத் தோகையின் அடியில் அங்கங்கே கட்ட வேண்டும். குளவியால் வெகு தூரம் போக முடியாது, அதனால்தான் இத்தனை துண்டு.

கரும்பில் இதற்கு வேலை இடைக்கணுப் புழுவின் முட்டையோடு. அந்தப் புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் வெளியே அடிக்கிற மருந்து அதைத் தொடுவது கஷ்டம். வெளியில் தெரியும்படி இருப்பது முட்டைதான், அதுவும் ஐந்தாறு நாள். அந்த ஐந்தாறு நாளைப் பிடிக்கத்தான் குளவி. வழக்கமான பரிந்துரை: நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை அட்டை கட்டுங்கள்.

இப்போது ‘ஒண்ணும் பண்ணாது’வுக்கு வருவோம்.

ஒரு மருந்து ஒட்டுண்ணிக் குளவிக்கு ஆகுமா என்று பார்க்கும் முதல் சோதனை எளிமையானது. கண்ணாடிக் குப்பியின் உட்சுவரில் மருந்தைப் பூசி உலர்த்தி, உள்ளே குளவிகளை விட்டு, ஒரு நாள் கழித்துச் செத்ததை எண்ணுவார்கள். உயிரியல் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச அமைப்பு இதற்கு நான்கு படி வைத்திருக்கிறது. ஆய்வகச் சோதனையில் 100க்கு 30க்குக் கீழே செத்தால் ‘தீங்கற்றது’. 30 முதல் 79 வரை ‘சற்றே தீங்கானது’. 80 முதல் 99 வரை ‘ஓரளவு தீங்கானது’. 99க்கு மேல் போனால்தான் ‘தீங்கானது’.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நூறில் எழுபது குளவி செத்தாலும் பெயர் ‘சற்றே’. இதில் மோசடி எதுவும் இல்லை. குப்பிக்குள் அடைத்து வைப்பது கழனியைவிடக் கொடுமையான நிலை. அதில் தேறிவிட்டால் வெளியிலும் தேறும், தேறாவிட்டால் அரைக்கள, களச் சோதனைக்குக் கொண்டு போ என்பதுதான் அந்தப் படிக்கட்டின் நோக்கம். ஆனால் படிக்கட்டு ஆய்வகத்தோடு நின்றுவிடுகிறது. சொல் மட்டும் இறங்கி ஊருக்கு வந்துவிடுகிறது.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெல்லில் பயன்படும் மருந்துகளை இதே குளவியின் மேல் சோதித்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயலில் அடிக்கும் அளவையும், குளவிகளில் பாதியைக் கொல்லும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் தீங்கற்றது என்று தேறியது குளோரான்ட்ரனிலிப்ரோல் ஒன்றுதான். தயாமீத்தாக்சம், இமிடாகுளோபிரிட் இரண்டும் மிக ஆபத்தான பக்கத்தில் நின்றன. நல்ல வேலை, நம் ஊருக்குத் தேவையான வேலை. நான் குறை சொல்வது அந்த ஆய்வை இல்லை. அதிலிருந்து ‘இந்த மருந்து நல்லது, அந்த மருந்து கெட்டது’ என்ற ஒற்றை வரியை மட்டும் உருவி எடுத்துக்கொள்கிறோமே, அதை.

அந்த ஒற்றை வரி எங்கெல்லாம் இடறுகிறது என்று சொல்கிறேன்.

முதலாவது, கலவை. குளோரான்ட்ரனிலிப்ரோல் இன்று தனியாக மட்டும் விற்பதில்லை. லாம்ப்டா சைஹலோத்ரினோடு சேர்த்து வருகிறது, தயாமீத்தாக்சத்தோடு சேர்த்தும் வருகிறது. தேறிய மருந்தும் தேறாத மருந்தும் ஒரே டப்பாவில். பெரியவர் எடுத்துக்காட்டிய காலி டப்பாவில் நான் பார்த்தது அதைத்தான்: இரண்டு பெயர் இருந்தது. கடையில் சொன்னவருக்கும் முதல் பெயர்தான் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ‘இயற்கை’ என்கிற சான்றிதழ். ஸ்பைனோசாட் மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து வருவது. பல நாடுகளில் இயற்கை வேளாண்மைக்கே அனுமதி உண்டு. அதனால் நன்மை செய்யும் பூச்சிக்கு ஆகும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2003ஆம் ஆண்டு மதிப்பாய்வு வேறு கதை சொன்னது. இரை பிடித்துத் தின்னும் பூச்சிகளுக்கு அது பரவாயில்லை. ஒட்டுண்ணிக் குளவிகளிலோ, ஆய்வகச் சோதனைகளில் 78 சதவீதமும் களம் சார்ந்த சோதனைகளில் 86 சதவீதமும் ‘ஓரளவு தீங்கு’ அல்லது ‘தீங்கு’ என்றே முடிந்திருந்தன. ‘நன்மை செய்யும் பூச்சி’ என்று பொறிவண்டையும் குளவியையும் ஒரே கூடையில் போடுவதே தப்பு என்பதுதான் இதில் பாடம்.

மூன்றாவது, குளவி மருந்தைச் சந்திக்கும் வழி. வேரில் ஊற்றினால், விதையில் பூசினால், மேலே திரியும் குளவிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்போம். 2019இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு அந்த நிம்மதியையும் கெடுத்தது. தயாமீத்தாக்சமோ இமிடாகுளோபிரிட்டோ ஏறிய மரத்தின் சாற்றை மாவுப்பூச்சி குடிக்கிறது. அது விடும் தேன்துளியில் மருந்து இருக்கிறது. அதை நக்க வந்த மிதவை ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும் செத்தன. குப்பிச் சுவரில் பூசிப் பார்க்கும் சோதனையில் இந்த வழி கண்ணிலேயே படாது.

நான்காவது, உயிரோடு இருப்பதும் வேலை செய்வதும் ஒன்றில்லை. சாகாத குளவி முட்டையைத் தேடாமல் போகலாம், வாசனை பிடிக்க முடியாமல் போகலாம், பெண் குஞ்சு குறையலாம். 24 மணி நேரக் கணக்கில் அது உயிரோடு இருக்கிற குளவி. கரும்புக்கு அது இல்லாத குளவி.

டப்பாவின் மேல் இருக்கும் முக்கோணத்தையும் சொல்ல வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். அது மனிதருக்கும் கால்நடைக்கும் உள்ள நஞ்சின் அளவு. அவசியமான குறி. ஆனால் பச்சையைப் பார்த்ததும் ‘எல்லாருக்கும் நல்லது’ என்று படிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குளவிக்கென்று அந்த டப்பாவில் ஒரு நிறமும் கிடையாது.

சரி, அட்டையோடு வரும் குறிப்பில் ஒரு எச்சரிக்கை இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். ‘அட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.’ ரொம்ப நாளாக நானும் இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் ஒரு காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

முதல் அட்டை 120ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். 15 நாளுக்கு ஒரு முறை என்றால் 120, 135, 150, 165, 180, 195. முதல் அட்டைக்குப் பின் ஒரு வாரம் என்றால் 121 முதல் 127 வரை அடிக்கக் கூடாது. இரண்டாம் அட்டைக்கு முன் ஒரு வாரம் என்றால் 128 முதல் 134 வரை அடிக்கக் கூடாது. நடுவில் மிச்சம்? ஒரு நாளும் இல்லை. இப்படியே ஆறு அட்டைக்கும் போட்டால், 113ஆம் நாளிலிருந்து 202ஆம் நாள் வரை, சரியாக 90 நாள், அந்தக் கழனியில் பூச்சிமருந்து படவே கூடாது.

ஆக, ‘முன்னே ஒரு வாரம், பின்னே ஒரு வாரம்’ என்று சின்னதாக எழுதியிருக்கும் வரியின் உண்மையான அர்த்தம் ‘மூன்று மாதம் மருந்து வேண்டாம்’ என்பது. இதை யாராவது இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் விவசாயி மிரண்டுவிடுவார் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கென்னமோ சொல்லாததுதான் அவரை ஏமாற்றுவதாகத் தெரிகிறது. ஏன்னா, மூன்று மாதம் என்று தெரிந்தால் அவர் முடிவெடுக்கலாம்: இந்தப் போகத்துக்கு அட்டைதான், மருந்து வேண்டாம். அல்லது மருந்துதான், அட்டைக்குக் காசு வேண்டாம். இரண்டையும் செய்து, ஒன்றால் இன்னொன்றைக் கொன்று, கடைசியில் ‘அட்டை வேலைக்கு ஆவல’ என்று நம்பிக்கை போவதைவிட எந்த முடிவும் மேல்.

மருந்துக்கும் ஒட்டுண்ணிக்கும் உள்ள ஒத்துப்போதல் டப்பாவுக்குள் இருக்கும் குணம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது தேதியில் இருக்கிறது. கரும்பையே பாருங்கள். இளங்குருத்துப் புழுவுக்கு முதல் ஒன்றரை மாதத்தில் மண்ணில் இடும் குருணை மருந்து, பட்டியலில் ‘தீங்கானது’ என்று இருக்கலாம். ஆனால் அட்டை வருவதோ நான்காம் மாதம். காலமும் வேறு, இடமும் வேறு. அதே சமயம், ‘சற்றே தீங்கானது’ என்று பெயர் வாங்கிய ஒன்றை அட்டை கட்டிய நாலாம் நாள் தோகை மேல் தெளித்தால், அன்றைக்கு எல்லாக் குளவியும் வெளியே வந்து முட்டை தேடிக்கொண்டிருக்கும். நான் விசாரித்தவரை அந்தப் பெரியவரின் கணக்கும் அதுதான்: வெள்ளிக்கிழமை அட்டை, செவ்வாய்க்கிழமை மருந்து.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டில் ஒரு முறை வேறு விடை தேடினார்கள். மருந்தை மாற்றாமல் குளவியை மாற்றுவது. பெங்களூரில் இருந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்குநரகம், இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே டிரைக்கோகிரம்மாவைத் தலைமுறை தலைமுறையாக எண்டோசல்பானுக்குப் பழக்கி, பிழைத்ததிலிருந்தே மேலும் வளர்த்து, எண்டோசல்பானைத் தாங்கும் ஓர் இனத்தை உருவாக்கினார்கள். பெயர் எண்டோகிராம். அறிவியல் சாதனை என்று பார்த்தால் பெரிய விஷயம்தான். ஆனால் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானையே தடை செய்துவிட்டது. குளவி பல தலைமுறை கற்றுக்கொண்ட பாடம், பரீட்சையே ரத்தான கதையாகிவிட்டது. கடையில் மருந்து மாறும் வேகத்துக்கு ஆய்வகத்தில் குளவியைப் பழக்கிக்கொண்டே இருக்க முடியாது. காலண்டரைத் திருத்துவது அதைவிட மலிவு.

மருந்தை நிறுத்தினால் குளவி ஜெயிக்குமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது என்னென்னமோ மருந்து அடித்துப் பார்த்தார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அது பரவிக்கொண்டே போனது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது நிலைத்துப் பரவி, மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. அந்தக் குளவியை விட்ட இடங்களில் சொன்ன முக்கியமான அறிவுரை, மருந்து அடிக்காதீர்கள் என்பது.

ஒரு வித்தியாசம் உண்டு. பப்பாளிக் குளவி ஒரு முறை குடியேறினால் தானாகப் பெருகும். ஒரு கழனியில் செத்தாலும் அடுத்த கழனியிலிருந்து வரும். கரும்பு அட்டைக் குளவியை ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்கிக் கட்டுகிறோம். அன்றைக்குச் செத்தால் அன்றைய காசு போச்சு. அதனால் தேதிக் கணக்கு கரும்பில்தான் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

இதுவரை கரும்புக்கு ஒரு இயற்கைப் பாதுகாப்பு இருந்தது. அது கரும்பின் உயரம். ஐந்தாறு மாதக் கரும்புக்குள் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு நுழைய முடியாது, தோகை கையைக் கிழித்துவிடும். ஓரத்து நாலு சாலோடு கை நின்றுவிடும். 2002இல் மகாராஷ்டிரத்தில் வெடித்து அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்கு வந்த கம்பளி அசுவினியைக்கூட முழுக்க மருந்தால் துரத்த முடியவில்லை. இரை பிடிக்கும் பூச்சிகளும், வடகிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட என்கார்சியா என்கிற குளவியும்தான் அதைக் கட்டுக்குள் வைத்தன. யாரும் எழுதாமலே அந்த 90 நாள் விடுமுறையில் பெரும்பகுதி குளவிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

இப்போது டிரோன் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் டிரோன் மூலம் மருந்து தெளிப்பதற்கான நடைமுறையை ஒன்றிய அரசு வெளியிட்டது. 2023இல் 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் தரும் திட்டமும் வந்தது. வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் இது வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு ஏக்கர் கரும்பின் தலை மேல் மருந்து படியும் என்றால், உயரம் கொடுத்த பாதுகாப்பு போய்விட்டது. இனிமேல் அந்த 90 நாளை யாராவது எழுதித்தான் காப்பாற்ற வேண்டும்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அட்டை தோற்பதற்கு மருந்து மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எறும்பு தின்றுவிடும், மழை அடித்துவிடும், கடும் வெயிலில் குளவி காய்ந்துவிடும், குளிர்பெட்டியில் அதிக நாள் கிடந்த அட்டையில் பாதிதான் பொரியும். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? செலவில்லாத வழி ஒன்று. ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு விரல்நகத் துண்டை வெட்டி, ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வீட்டில் நிழலில் வையுங்கள். சீசாவில் குளவி வரவில்லை என்றால் அட்டையில் கோளாறு. சீசாவில் புற்றீசலாக வந்து, கழனியில் முட்டை எதுவும் கறுக்கவில்லை என்றால் கோளாறு கழனியில். அப்போது மருந்து அடித்த தேதியைத் திருப்பிப் பாருங்கள்.

பரிந்துரை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்துப் பட்டியலையும் ஒட்டுண்ணிப் பட்டியலையும் மேலும் கீழுமாக அச்சடித்துவிட்டு, ‘ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தவும்’ என்று முடிக்காதீர்கள். நட்ட நாளிலிருந்து வெட்டும் நாள் வரை ஒரே கோடு போட்டு, எந்த நாள் மண்ணில் மருந்து, எந்த நாள் அட்டை, எந்த 90 நாள் கைகட்டி நிற்க வேண்டும் என்று அதிலேயே குறித்துக் கொடுங்கள். ‘பாதுகாப்பானது’ என்று எழுதினால் யாருக்கு, எந்தப் பருவத்தில், எப்படி இட்டால் என்பதையும் கூடவே எழுதுங்கள். கலவை மருந்தை அதில் இருக்கும் கெட்ட பாதியை வைத்து மதிப்பிடுங்கள்.

அந்தப் பெரியவருக்கு அந்த 90 நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் சுற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா, அட்டையோட காலண்டரையும் சேத்து மாட்டியிருப்பேன்ல” என்றார்.

மறுதாம்புக்கு இன்னொரு முறை அட்டை கட்டிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். சீசாவுக்குத் துணி கட்டுவது எப்படி என்றும் கேட்டுக்கொண்டார்.